பழுது பார்த்தலும் புதுப்பித்தலும்

துருப்பிடித்த பழைய மோட்டார் வண்டி ஒன்றை மீட்டு ஓடச் செய்யும் முயற்சியைத் தமிழில் எச்சொல்லால் வழங்குவது என்னும் வினா, முதற்பார்வைக்குச் சிறியதாகவே தோன்றும். செய்தித்தாள்களும் விளம்பரங்களும் 'புதுப்பித்தல்' என்று எழுதி அமைகின்றன. பட்டறையில் வேலை செய்வோர் 'பழுது பார்த்தல்' என்கின்றனர். இவ்விரண்டும் ஒரு பொருள் குறித்த பல சொற்கள் அல்ல. ஒன்று பழையதைப் புதியதாக்குவது. மற்றொன்று பழையதன் குறையைக் காண்பது. சொல் வேறுபடும் இடத்தில் நோக்கம் வேறுபடுகிறது. நோக்கம் வேறுபடும் இடத்தில் வேலையும் வேறுபடுகிறது. சிங்கப்பூரில் ஓய்வு நேரத்தையும் கைப்பொருளையும் செலவிட்டுப் பழைய கார்களை மீட்கும் ஆர்வலரின் பணியை மதிப்பிடுவதற்கு இவ்வேறுபாடே ஏற்ற அளவுகோல்.

தொல்காப்பிய உரியியல் 'பழுது' என்னும் சொல்லுக்குப் பயனின்மை எனப் பொருள் வகுக்கிறது. பிற்காலத்தில் அச்சொல் குறை, கேடு, சிதைவு என்னும் பொருள்களையும் ஏற்றது. 'பார்த்தல்' என்பதோ தமிழ் வழக்கில் கண்ணின் தொழில் மட்டும் அன்று. மருத்துவம் பார்த்தல், கணக்குப் பார்த்தல், பிரசவம் பார்த்தல் என்னும் வழக்குகளில் காண்பதும் செய்வதும் ஒன்றாகவே நிற்கின்றன. முதலில் கூர்ந்து காணுதல், பின்பு கண்டதற்கு ஏற்பச் செய்தல் என்பதே கருத்து. ஆகவே 'பழுது பார்த்தல்' என்னும் தொடரில் இரு கடமைகள் அடங்கியுள்ளன. குறையை மறைக்காமல் காண வேண்டும். பயனற்றுப் போனதைப் பயன்படச் செய்ய வேண்டும். 'புதுப்பித்தல்' என்னும் சொல்லில் முதற் கடமைக்கு இடமில்லை. குறையைக் காணாமலே அதன்மேல் புதுமையைப் பூசிவிடலாம்.

பத்தாண்டுக் கணக்கு

சிங்கப்பூருக்கு முதல் மோட்டார் வண்டி வந்தது 1896-ஆம் ஆண்டில். அடுத்த அரை நூற்றாண்டிற்குள் இத்தீவு வண்டிகளை வாங்கும் ஊராக மட்டுமன்றிப் பொருத்தி விற்கும் ஊராகவும் வளர்ந்தது. தென்கிழக்காசியாவில் ஃபோர்டு நிறுவனத்தின் முதல் கார் பொருத்தும் தொழிற்சாலை, மேல் புக்கிட் தீமா சாலையில் 1941-இல் கட்டி முடிக்கப்பட்டது. 1942 பிப்ரவரி 15-ஆம் நாள் பிரிட்டிஷார் ஜப்பானியரிடம் சரணடைந்த ஒப்பந்தம் அத்தொழிற்சாலையிலேயே கையெழுத்தாயிற்று. போருக்குப் பின் 1947-இல் வேலை மீண்டும் தொடங்கி 1980-இல் முடிவுற்றது. 2006-இல் அக்கட்டடம் தேசிய நினைவுச் சின்னம் எனும் தகுதி பெற்றது. கட்டடம் இவ்வாறு சட்டத்தின் காவலில் நிற்கிறது. அங்கே பொருத்தப்பட்டுத் தீவெங்கும் ஓடிய வண்டிகளுக்கு அத்தகைய காவல் இல்லை. எஞ்சியவை தனிமனிதரின் விருப்பத்தை நம்பியே வாழ வேண்டியிருக்கின்றன.

அவ்விருப்பத்திற்குச் சிங்கப்பூரில் உள்ள விலை பெரிது. 1990 மே மாதம் நடைமுறைக்கு வந்த வாகன ஒதுக்கீட்டு முறைப்படி, கார் வைத்திருக்கும் உரிமை பத்தாண்டுக்கே கிடைக்கிறது. அவ்வுரிமைச் சான்றிதழை ஏலத்தில் எடுக்க வேண்டும். பத்தாண்டு நிறைந்தால் வண்டியின் பதிவை நீக்க வேண்டும். அல்லது அன்றைய நிலவரக் கட்டணத்தைச் செலுத்தி ஐந்தாண்டுக்கோ பத்தாண்டுக்கோ உரிமையை நீட்டிக்க வேண்டும். பத்தாண்டு கடந்த காருக்குச் சாலை வரியின்மேல் கூடுதல் கட்டணமும் உண்டு. அது 10 விழுக்காட்டில் தொடங்கி ஆண்டுதோறும் ஏறி 50 விழுக்காட்டில் நிற்கிறது. இவ்விதிகள் இடம் குறுகிய ஒரு தீவில் நெரிசலையும் புகையையும் கட்டுப்படுத்த எழுந்தவை. அவற்றின் பயன் மறுக்கற்பாலது அன்று. ஆயினும் அவற்றால் ஒரு மனப்பழக்கமும் விளைந்துள்ளது. கார் என்பது முதுமை எய்துவதற்கு முன்பே கண்ணிலிருந்து மறைய வேண்டிய பொருள் என்னும் எண்ணமே அது.

இதற்கு விலக்காகச் சட்டமே ஒரு சிறு வாயிலைத் திறந்து வைத்திருக்கிறது. 35 ஆண்டு நிறைந்த வண்டிகளுக்கும், 1940-க்கு முன் செய்யப்பட்ட மிகப் பழைய வண்டிகளுக்கும் நிலப் போக்குவரத்து ஆணையம் தனித் திட்டங்கள் வகுத்துள்ளது. செலவு பெரிதும் குறையும். ஆனால் ஆண்டில் வரையறுத்த சில நாட்களே வண்டி சாலைக்கு வரலாம். பத்தாம் ஆண்டிற்கும் முப்பத்தைந்தாம் ஆண்டிற்கும் இடையே உள்ள நெடுங்காலத்தைக் கடக்கும் வண்டிகள் மிகச் சில. ஆதலால் சிராங்கூன் சாலையில் என்றேனும் ஒரு ஞாயிறு காலையில் ஒரு மோரிஸ் மைனரோ பழைய பெயரறியாத ஃபியட்டோ ஊர்ந்து சென்றால், அது தற்செயல் அன்று. அவ்வண்டியை அழிக்கும் வாய்ப்பு வந்த ஒவ்வொரு முறையும் யாரோ ஒருவர் 'வேண்டாம்' என்று முடிவு செய்ததன் விளைவு அது.

துருவின் வழி

இரும்பின் மீது நீரும் காற்றும் சேர்ந்து செய்யும் வேலையே துரு. சிங்கப்பூரில் ஆண்டுக்குச் சுமார் 2,100 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. மழை இல்லாத நாளிலும் காற்றில் ஈரம் குறைவதில்லை. குளிர்நாடுகளில் பனியை உருக்கச் சாலையில் தூவும் உப்பு வண்டிகளை அரிக்கிறது. இங்கே அவ்வுப்பு இல்லை. ஆயினும் ஓயாத ஈரம் அதன் பங்கை மெல்ல மெல்லச் செய்துவிடுகிறது. துருவுக்கு இரும்பைவிடப் பருமன் மிகுதி. ஆதலால் இரு தகடுகள் ஒட்டிய மூட்டினுள் புகுந்த துரு அங்கேயே பருத்துத் தகடுகளைப் பிளக்கிறது. வெளியே வண்ணத்தில் ஒரு சிறு கொப்புளம் தெரியும்போது, உள்ளே பெரும்பகுதி போய்விட்டிருக்கும். தமிழ் வழக்கில் சளி பிடிக்கிறது, பூஞ்சணம் பிடிக்கிறது என்பது போலத் துருவும் 'பிடிக்கிறது'. வந்து பற்றிக்கொண்டதை விடுவிக்க வேண்டும் என்னும் குறிப்பு அச்சொல்லிலேயே அமைந்திருப்பது கருதத்தக்கது.

மோரிஸ் மைனரையே எடுத்துக்காட்டாகக் கொள்ளலாம். அலெக் இசிகோனிஸ் வடிவமைத்த இவ்வண்டி 1948-இல் வெளிவந்தது. பத்து இலட்சம் எண்ணிக்கையைத் தாண்டிய முதல் பிரிட்டிஷ் கார் இதுவே. முந்திய பல வண்டிகளில் கனத்த அடிச்சட்டம் தனியாகவும் உடல் தனியாகவும் இருந்தன. உடல் துருப்பிடித்தாலும் சட்டம் தாங்கும். மைனரிலோ உடலே சட்டம். கதவுகளுக்குக் கீழே ஓடும் பெட்டி போன்ற தகடும் கால்வைக்கும் அடித்தகடும் சேர்ந்தே வண்டியின் பாரத்தைச் சுமக்கின்றன. மழைநீர் வடிய விட்ட சிறு துளைகள் மண்ணால் அடைபட்டால் அப்பெட்டியினுள் நீர் தேங்கும். அங்கே பிடிக்கும் துரு அழகைக் கெடுப்பதோடு நிற்பதில்லை. வண்டியின் முதுகெலும்பையே முறிக்கும்.

இந்நிலையில் ஆர்வலர் முன் இரு வழிகள் உள்ளன. ஒன்று, அரித்த இடத்தின்மேல் பட்டியை அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, வண்ணம் அடித்துவிடுவது. ஒரு வாரத்தில் வேலை முடியும், வண்டி பளபளக்கும், ஈரமோ உள்ளேயே சிறைப்பட்டுத் தன் வேலையைத் தொடரும். மற்றொன்று, அரித்த பகுதியை நல்ல இரும்பு தென்படும் எல்லை வரை வெட்டி நீக்கி, அதே கனமுள்ள தகட்டை அதே வளைவில் தட்டி உருவாக்கி, விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பற்றவைப்பது. ஒரு தகட்டின்மேல் மற்றொன்றை ஏற்றிப் பற்றவைத்தால் இடையில் மீண்டும் நீர் தங்கும் என்பதால் அதனையும் தவிர்க்க வேண்டும். இதற்கு மாதங்கள் ஆகும், ஆண்டுகளும் ஆகலாம். வேலை முடிந்தபின் இரண்டு வண்டிகளும் வெளித்தோற்றத்தில் ஒன்றே போல் இருக்கும். பார்வையாளர் இரண்டையும் ஒரே மூச்சில் பாராட்டுவர். திறனாய்வு தொடங்க வேண்டிய இடம் இதுவே.

காந்தமும் பாடபேதமும்

பட்டறையில் இதற்கென ஓர் எளிய கருவி உண்டு. மெல்லிய துணி சுற்றிய சிறு காந்தத்தைக் காரின் உடல்மேல் நகர்த்திச் செல்வர். இரும்பு உள்ள இடத்தில் அது பற்றும். பட்டி தடிப்பாக உள்ள இடத்தில் நழுவி விழும். கண்ணை ஏமாற்றிய பளபளப்பு காந்தத்தை ஏமாற்ற இயலாது. தமிழ் நூல்களின் வரலாற்றை அறிந்தோர்க்கு இக்காட்சி புதியது அன்று. ஏட்டுச் சுவடியில் செல்லரித்த இடங்களைத் தம் சொற்களால் நிரப்பிவிட்ட கைகளும் உண்டு. அவற்றை நடையாலும் யாப்பாலும் வழக்காலும் தட்டிப் பார்த்து, 'இது இடைச்செருகல்' என்று உணர்ந்த கண்களும் உண்டு. அவ்வாராய்ச்சியும் காந்தப் பார்வையே.

உ. வே. சாமிநாதையர் 1894-இல் புறநானூற்றைப் பதிப்பித்தபோது 267, 268-ஆம் பாட்டுகள் அவருக்குக் கிடைக்கவில்லை. பிற பாட்டுகள் சிலவற்றிலும் அடிகள் சிதைந்திருந்தன. நானூறு என்னும் எண்ணை நிறைவாக்கிக் காட்டும் ஆசை எழுவதற்கு அதைவிட நல்ல வாய்ப்பு வேறில்லை. அவரது புலமைக்கு அது அரிதும் அன்று. எனினும் இல்லாத பாட்டு இல்லை என்றே நூல் வெளிவந்தது; சிதைந்த அடி சிதைந்தவாறே அச்சேறியது. 1904-இல் வெளிவந்த பதிற்றுப்பத்திலும் முதற் பத்தும் பத்தாம் பத்தும் இல்லை. நூலின் பெயர் பத்துப் பத்து என்று சொல்ல, உள்ளே எட்டே நிற்கின்றன. தமிழர் அந்நூலை அக்குறையோடுதான் போற்றி வருகின்றனர். கட்டடச் சின்னங்களைக் காப்பதற்கு 1964-இல் வகுக்கப்பட்ட வெனிஸ் சாசனம், ஊகம் தொடங்கும் இடத்தில் மீட்புப் பணி நின்றுவிட வேண்டும் என்றும், புதிதாகச் சேர்த்த பகுதி பழையதிலிருந்து பிரித்தறியத் தக்கதாய் இருக்க வேண்டும் என்றும் நெறி கூறுகிறது. அந்நெறியை எழுபது ஆண்டுகளுக்கு முன்பே தமிழ்ப் பதிப்புலகம் தன் செயலால் காட்டியிருக்கிறது.

பழைய வண்டிகளுக்கான உலகக் கூட்டமைப்பு 1966-இல் தோன்றியது. அது வெனிஸ் சாசனத்தைப் பின்பற்றி 2013-இல் டூரின் சாசனம் என்னும் ஆவணத்தை ஏற்றுக்கொண்டது. இருப்பதை இருந்தவாறே காத்தல், மேலும் கெடாமல் தடுத்தல், இழந்ததை மீட்டல் என்று அவ்வாவணம் பணிகளைப் படிநிலையில் வைக்கிறது. முதற்படி போதுமெனில் மூன்றாம் படிக்குச் செல்லலாகாது என்பது அதன் உட்கிடை. தமிழில் இவற்றைக் காத்தல், செப்பனிடல், மீட்டல் என மூன்று சொற்களால் வேறுபடுத்தி வழங்குவது தெளிவு தரும். மூன்றையும் 'புதுப்பித்தல்' என்னும் ஒரே சொல்லில் அடைப்பது, மூலம், உரை, வழிநூல் மூன்றையும் 'புத்தகம்' என்று சொல்லி அமைவது போன்றதாகும்.

கார் மீட்பில் பாடபேதத்திற்கு நிகரான சிக்கல்களும் உண்டு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்ஃபோர்டு வண்டியின் மூன்றாம் வரிசையே இந்தியாவில் அம்பாசிடர் ஆயிற்று. மூல வண்டி இங்கிலாந்தில் மறைந்த பின்னும் அதன் வழித்தோன்றல் வங்காளத்தின் உத்தர்பாராவில் 2014 வரை உருவாகி வந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஒன்றை மீட்பவர் அம்பாசிடரின் கதவுப்பிடியைப் பொருத்தினால், அது மூலமா, போலியா? ஒரு நூலின் வேறு கிளையில் வந்த சுவடியைக் கொண்டு இவ்விடத்துச் சிதைவை நிரப்புவது போன்றதே அது. செய்யலாம், ஆனால் செய்தமையைக் குறித்து வைக்க வேண்டும். குறிப்பு இருந்தால் அது பாடபேதம். குறிப்பு இல்லையேல் இடைச்செருகல்.

பெயர் பிழைத்த வண்டி

எல்லாவற்றையும் மாற்றியபின் எஞ்சுவது எது என்னும் வினாவை 1990-இல் இங்கிலாந்து நீதிமன்றம் ஒன்று தீர்க்க நேர்ந்தது. 'ஓல்டு நம்பர் ஒன்' எனப் பெயர் பெற்ற பென்ட்லி வண்டி 1929-இலும் 1930-இலும் லெ மான் பந்தயத்தில் வென்றது. பின்னர் அவ்வண்டி பந்தயத்திற்குப் பந்தயம் மாற்றப்பட்டது; விபத்துக்கு உள்ளாயிற்று; மீண்டும் கட்டப்பட்டது. ஒரு கோடி பவுன் விலை பேசப்பட்ட நிலையில் வாங்க இசைந்தவர், அது பழைய வண்டியே அன்று என்று மறுத்தார். 1930-இல் ஓடிய பகுதிகளில் மிகச் சிலவே எஞ்சியிருந்தன என்பது உண்மை. எனினும் நீதிபதி அவ்வண்டி அப்பெயருக்கு உரியதே என்று தீர்ப்பளித்தார். அது ஒருநாளும் இல்லாமற்போய்ப் பின் புதிதாகத் தோன்றியது அன்று. மாற்றங்களுக்கு இடையே அதன் வாழ்வு அறுபடாமல் தொடர்ந்தது என்பதே அவர் கண்ட நியாயம்.

இதற்கு மறுகோடியில் நிற்பது பாரிஸ் நகரில் 2015-இல் நடந்த ஓர் ஏலம். ரோஜர் பாயோன் என்னும் பிரெஞ்சுத் தொழிலதிபர் சேர்த்து வைத்துப் பல்லாண்டுகள் கொட்டகைகளில் கைவிடப்பட்டுக் கிடந்த வண்டிகள், தூசியும் துருவுமாகவே விற்பனைக்கு வந்தன. சில வண்டிகளில் உருவம் மட்டுமே எஞ்சியிருந்தது. ஒரு ஃபெராரி வண்டி ஒரு கோடியே அறுபது இலட்சம் யூரோவுக்கு மேல் விலைபோயிற்று. அதன்மேல் படிந்திருந்த தூசியைத் துடைப்பதா வேண்டாவா என்பதே விவாதப் பொருளாயிற்று.

ஒரு கோடியில் பொருள் போயினும் பெயர் வாழ்கிறது; மறுகோடியில் பயன் போயினும் பொருள் போற்றப்படுகிறது. முதற்கோட்பாட்டை முழுதும் ஏற்றால் எதையும் மாற்றலாம் என்று ஆகிவிடும். இரண்டாவதை முழுதும் ஏற்றால் துருவே கடவுள் ஆகிவிடும். தொல்காப்பியர் காட்டிய பொருளில் நோக்கின் இரண்டாவது நிலையும் பழுதே. ஓடாத வண்டி பயனில்லாதது. ஆகவே இரண்டிற்கும் இடையே, வண்டியின் வாழ்வு அறுபடாமலும் அதன் சான்று அழியாமலும் காக்கும் வழியை நாட வேண்டியிருக்கிறது.

தெருவில் உள்ள பாடம்

அவ்வழியைத் தேடிச் சிங்கப்பூர் ஆர்வலர் வெளிநாடு செல்ல வேண்டியதில்லை. லிட்டில் இந்தியா வட்டாரம் 1989-இல் பாதுகாப்புப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. அங்குள்ள கடைவீடுகளைச் செப்பனிட நகர மறுசீரமைப்பு ஆணையம் வகுத்த நெறி மூன்று கூறுகளை உடையது: இயன்ற மட்டும் உள்ளதை வைத்துக்கொள்ளுதல், தன்மை கெடாமல் மீட்டல், கருத்தோடு பழுது பார்த்தல். இம்மூன்றனுள் உள்ளதை வைத்துக்கொள்ளுதலே முதலில் நிற்கிறது. சுவரை இடித்துவிட்டு அதே போன்ற சுவரை எழுப்புவது இந்நெறிக்கு மாறு.

நெறி இருந்தும் கண்ணுக்கு விருந்தளிக்கும் ஆசை எவ்வாறு மேலோங்கும் என்பதற்கும் அத்தெருவிலேயே சான்று உண்டு. கெர்பாவ் சாலையில் 1900-ஆம் ஆண்டு எழுந்த டான் டெங் நியா இல்லம் இன்று வானவில்லின் வண்ணங்களை எல்லாம் பூண்டு நிற்கிறது. காண்போர் அதனைப் பழைய சிங்கப்பூரின் கோலமாகவே கருதிப் படம் எடுத்துச் செல்கின்றனர். அவ்வண்ணக் கோலம் பிற்காலத்தது. அது அழகன்று என்பது கருத்தன்று. பிற்கால அழகு முற்கால உண்மையாக எண்ணப்படுவதே குறை. மீட்ட கார்களுக்கும் இது பொருந்தும். தொழிற்சாலை ஒருநாளும் அளிக்காத ஆழ்ந்த பளபளப்பும், அக்காலத்தில் இல்லாத இரட்டை வண்ணமும், தேவைக்கு மிஞ்சிய குரோமியப் பூச்சும் ஏற்று நிற்கும் வண்டிகள், பிறந்த நாளினும் இளமையாகத் தோன்றுகின்றன. அவை கடந்த காலத்தைக் காட்டவில்லை; கடந்த காலத்தைப் பற்றி இக்காலம் காணும் கனவையே காட்டுகின்றன.

பழைய வண்ணத்தைத் தேய்க்கும்போது, மரத்தின் ஆண்டு வளையம் போல, அடுக்கடுக்காகப் பல நிறங்கள் தெரியும். ஒவ்வோர் அடுக்கும் ஓர் உரிமையாளரின் காலம். வாடகை வண்டியாக ஓடிய காலம் ஒன்றாக இருக்கலாம்; குடும்ப வண்டியாகி நிறம் மாறிய காலம் மற்றொன்றாக இருக்கலாம். புக்கிட் தீமாவில் பொருத்தப்பட்டமைக்கான அடையாளம் ஏதேனும் ஒரு தகட்டிலோ மூலையிலோ இருப்பின், அது இத்தீவின் தொழில் வரலாற்றுக்கே ஓர் ஆவணம். உலோகம் தெரியும்வரை எல்லாவற்றையும் வழித்தெடுக்கும் கை, தன்னை அறியாமலே ஓர் ஏட்டைத் தீயிலிடுகிறது. வண்டியின் மறைவான ஓரிடத்தில் உள்ளங்கையளவு பழைய வண்ணத்தைத் தொடாமல் விட்டுவைப்பதும், கழற்றும் முன் படம் எடுத்து, ஒவ்வொரு திருகாணிக்கும் சீட்டு எழுதி வைப்பதும், எதை மாற்றினார், எதை விட்டார் என்று ஒரு குறிப்பேடு எழுதுவதும் பெருஞ்செலவு ஆகாத பணிகள். அக்குறிப்பேடு இல்லாத மீட்பு, முகவுரை இல்லாத பதிப்பு.

மறுப்பும் விடையும்

இங்கே ஒரு மறுப்பு எழக்கூடும். வண்டி பாட்டு அன்று. சிதைந்த அடியோடு பாட்டைப் படிக்கலாம், சிதைந்த பிரேக்கோடு வண்டியை ஓட்ட இயலாது என்பர். அம்மறுப்பு நியாயமானது. பிரேக்குக் குழாயிலும் டயரிலும் மின்கம்பியிலும் பழமை பாராட்டுவது மடமை. பிறர் உயிரோடு விளையாடுவதுமாகும். ஆனால் இவை வண்டி பிறந்த நாளிலேயே தேய்ந்து மாற வேண்டியவை என்று கருதிப் பொருத்தப்பட்டவை. அவற்றை மாற்றுவது வண்டியின் இயல்பே ஒழிய அதன் இழப்பு அன்று. மாறுவதற்கென அமைந்தவற்றை மாற்றுக. நிலைப்பதற்கென அமைந்தவற்றை இயன்ற மட்டும் நிலைக்க விடுக என்னும் வரையறை அம்மறுப்புக்கு விடையாகும். பாரம் தாங்கும் தகடு அரித்துப்போனால் வெட்டி நீக்குவதும் இவ்வரையறைக்குள் அடங்கும். ஒட்டை மறைப்பதே அடங்காது.

மற்றொரு மறுப்பு சற்று வலியது. இஃது ஒரு பொழுதுபோக்கு. தம் பொருளைச் செலவிட்டுத் தம் வண்டியைத் தம் விருப்பப்படி அழகு செய்பவரிடம் திறனாய்வாளருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். உரிமை அவர்களுடையதே, ஆனால் பொருள் அருகியபோது உரிமையோடு பொறுப்பும் வந்து சேர்கிறது. ஒரு நூலுக்கு நூறு சுவடிகள் இருந்த காலத்தில் ஒருவர் தம் ஏட்டில் எதையும் கிறுக்கலாம். ஒன்றே எஞ்சிய நாளில் அவ்வேடு அவருடையது மட்டும் அன்று. பத்தாண்டுக் கணக்கைக் கடந்து, முப்பத்தைந்தாம் ஆண்டு வரை உயிர்பிழைத்து நிற்கும் வண்டியும் அத்தகையதே.

கைத்திறனின் நிலையும் எண்ணத்தக்கது. ஜாலான் புசார் வட்டாரத்தில் பழைய இரும்புக் கடைகள் சில காப்பிக் கடைகளாயின. திருட்டுச் சந்தை எனப் பெயர் பெற்ற சுங்கை சாலைப் பழம்பொருட் சந்தை 2017 ஜூலை 10-ஆம் நாளோடு முடிந்தது. ஒரு திருகுக்காகவோ பழைய கடிகார முகப்புக்காகவோ குனிந்து தேடும் இடங்கள் குறைந்துவருகின்றன. தகட்டைச் சுத்தியால் தட்டிக் கேட்டு, ஒலியிலேயே உள் அரிப்பை உணரும் காதுகளும் குறைகின்றன. பெட்ரோல், டீசல் இயந்திர வண்டிகளை 2040-க்குள் படிப்படியாக விலக்குவது என்பது சிங்கப்பூர் அரசு 2020-இல் அறிவித்த குறிக்கோள். அந்நிலை நெருங்க நெருங்க, பழைய இயந்திரத்தை எடுத்துவிட்டு மின்மோட்டாரைப் பொருத்தலாமே என்னும் எண்ணம் வலுப்பெறும். உலகின் பல இடங்களில் அது நடந்தும் வருகிறது. ஓடாமல் நிற்பதினும் அவ்வாறேனும் ஓடுவது மேல் என்று கருதுவோர் உண்டு. அதனைச் செய்தாலும், எடுத்த இயந்திரத்தை எறியாமல் காத்து, மீண்டும் பொருத்த இயலும் வகையில் செய்வதே முறை. திரும்ப இயலாத மாற்றம் எதுவும் பழுது பார்த்தலின் எல்லைக்குள் வாராது.

ஆகவே மீட்ட வண்டி ஒன்றைக் காணும்போது கேட்க வேண்டிய வினா, 'எவ்வளவு புதியதாக இருக்கிறது?' என்பது அன்று. 'எவ்வளவு உண்மையாக இருக்கிறது? எவ்வளவு பயன்படுகிறது?' என்னும் இரண்டே தக்க வினாக்கள். பற்றவைத்த கோடு அடித்தகட்டின் மறைவில் தெரிந்தால் அது குறை அன்று. இவ்விடத்தில் பழையது முடிந்தது, இவ்விடத்தில் ஒரு கை தொடர்ந்தது என்று சொல்லும் குறிப்பு அது. புறநானூற்றில் 266-க்கும் 269-க்கும் இடையே உள்ள வெற்றிடத்தை நாணத்தக்கதாகத் தமிழாசிரியர் எவரும் மாணவர்க்குக் காட்டுவதில்லை. பதிப்பாசிரியரின் நேர்மைக்குச் சான்றாகவே காட்டுகின்றனர். அத்தகைய வெற்றிடத்தை வண்டியிலும் மதிக்கக் கற்றுக்கொள்ளும் ஆர்வலரே, தம் தொழிலுக்குத் தமிழ் இட்ட பெயருக்கு முழுதும் உரியவர் ஆவார்.